மேற்கு மேடையின் மூன்றாவது கால்

மார்ச் 5

நண்டு,

நேற்று நீ போனை வைத்த பிறகு ஒன்பது தடவை அடித்தேன். கடைசியில் உன் வீட்டுக்காரர்தான் எடுத்தார். "எதுவா இருந்தாலும் லெட்டர் போடச் சொல்றா அண்ணி. எழுத்துல உங்களால கத்த முடியாதாம்" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஷயம் என்னவென்று நீ அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்ல வேண்டாம்.

போனில் அரைகுறையாக உளறியதை ஒழுங்காக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு மலைப் பூங்காவின் மேற்கு மேடையில் கைப்பிடிக் கம்பி பெயர்ந்து விழுந்தது. அந்த நேரத்தில் அங்கே எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? அம்மா மலையேறும் விஞ்ச் வண்டியின் டிக்கெட் கவுண்டரில் இருந்த பதினாறு வருஷமும், பள்ளிக்கூடம் விட்டதும் நாம் இரண்டு பேரும் கிடந்த இடம் அது. சூரியன் இறங்கும்போது மேற்கு மேடையில் கால் வைக்க இடம் இருக்காது. காதலர்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், டாக்டர் நடக்கச் சொன்னதால் முறைத்துக்கொண்டே நடக்கிறவர்கள். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அங்கே தனக்கென்று ஒரு பெஞ்சு இருப்பதாகச் சொல்வார்கள்.

விழுந்தவர் ஒருவர்தான். பஸ் டிரைவர், நாற்பத்தோரு வயது. லீவு நாளில் மனைவியோடு வந்தவர். கம்பியில் முதுகைச் சாய்த்து நின்றிருக்கிறார். மனைவி போட்டோ எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். பதினான்கு அடி கீழே கல் படி. இடுப்பெலும்பு போய்விட்டது, முதுகெலும்பில் ஓரிடத்தில் அடி. உயிருக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். நடப்பாரா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

அந்தக் கம்பியைச் சோதித்து 'சரி' என்று கையெழுத்துப் போட்டவள் நான். தேதி நவம்பர் 14.

அன்று காலை ஒன்பதரைக்கு நீ போன் செய்தாய். நான் மலையடியில் விஞ்சுக்குக் காத்திருந்தேன். பையில் சுத்தியல், சுரண்டி, படிவம் எல்லாம் இருந்தன. மேலே ஏறவில்லை. டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரியில் இருந்த உன்னிடம் வந்துவிட்டேன். மறுநாள் பாப்பா பிறந்தாள். அதற்கும் மறுநாள் அலுவலக மேசையில் உட்கார்ந்து அறுபத்து மூன்று வரிசைக்கும் டிக் போட்டேன். படிக்கட்டு, ஊஞ்சல், பெஞ்சு, கம்பி எல்லாம் சரி. 14 என்று தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் மட்டும் செய்கிற காரியமா இது? பதினோரு வருஷத்தில் நான் செய்தது அந்த ஒரு தடவைதான்.

விசாரணை ஆரம்பித்துவிட்டது. காலையில் மலைக்குப் போய்விட்டு, நாலு மணிக்கு மேல்தான் ஆஸ்பத்திரிக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறேன். உன் முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். உனக்கு நோட்டீஸ் வந்தால் நீயும் அதையே எழுது. ஒரு வரி, அவ்வளவுதான்.

படித்ததும் கிழித்துவிடு.

பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டாயா?

அக்கா

*

மார்ச் 9

அக்கா,

கிழிக்கவில்லை. சமையலறையில் தீப்பெட்டி இருக்கும் தட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இவர் அங்கே கை வைப்பதே இல்லை.

தடுப்பூசி போட்டாயிற்று. நர்ஸ் மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உதட்டை அசைத்துத் தேதியைப் படித்தாள். பின்னால் வரிசையில் இருபது பேர் நின்றார்கள், எல்லாக் குழந்தையும் அழுதது. அவள் அவசரப்படவில்லை. நான் மருந்துக்கடையில் எட்டு வருஷம் அதே வேலையைச் செய்தவள். அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உன் கடிதம் அன்று காலைதான் வந்திருந்தது. இவள் பார்க்காமலே 'சரி' என்று எழுதியிருந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். தெரியவே தெரியாது. அதுதான் விஷயம், இல்லையா?

அன்றைக்குப் போனை ஏன் வைத்தேன் என்று நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். "உனக்காகத்தானேடி வந்தேன்" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். ஒருவர் இடுப்பு உடைந்து கிடக்கிறார், அந்தப் பழியைத் தூக்கிக் கொண்டுவந்து என் தொட்டிலில் போடுகிறாய். என் பிள்ளை பிறந்ததை உன் பொய்க்கு முட்டாகக் கொடுக்காதே.

அந்த டிரைவரைப் போய்ப் பார்த்தாயா? உன் கடிதத்தில் அவருக்கு ஏழு வரி. உன் டிக்குக்கும் கையெழுத்துக்கும் அதைவிட அதிகம். எண்ணிப் பார்த்தேன்.

என்னைக் கேட்டால் பொய் எழுத மாட்டேன். கேட்காவிட்டால் நானாக ஓடிப்போய்ச் சொல்லவும் மாட்டேன். நீ என் அக்கா. இதற்கு மேல் என்னால் முடியாது, இழுக்காதே.

ஒரே ஒரு கேள்வி. அன்று நீ மேலே போயிருந்தால் கண்டுபிடித்திருப்பாயா? பசப்பாமல் பதில் எழுது.

நண்டு

*

மார்ச் 15

நண்டு,

கண்டுபிடித்திருப்பேன்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்து, எழுந்துபோய்க் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தேன். அது சொட்டவில்லை. சும்மாதான்.

செவ்வாய்க்கிழமை எங்கள் எல்லாரையும் மேலே கூட்டிப்போனார்கள். அன்றோடு பூங்காவைப் பூட்டி ஒன்பது நாள். பூட்டிய மலையை நீ பார்த்ததில்லை. விஞ்ச் பெட்டி பாதி வழியில் நிற்கிறது. பெஞ்சுகளில் இலை. கீழே கேட்டுக்கு வெளியே ஆட்கள் வந்து நின்று, மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, செய்வதறியாமல் ரோட்டோரமாகவே நடந்துவிட்டுப் போகிறார்கள். ஒரு அம்மா வேலிக்குள் கையை விட்டு என் சட்டையைப் பிடித்தார். "எப்ப திறப்பீங்க? நான் முப்பது வருஷமா ஒரு நாள்கூட விட்டதில்லம்மா" என்றார். தெரியாது என்றேன்.

மேற்கு மேடையில் வடக்கிலிருந்து மூன்றாவது இரும்புக் கால் அடியோடு பெயர்ந்து கிடக்கிறது. பச்சை வர்ணம் அப்படியே புதுசாகத்தான் இருக்கிறது. உள்ளே இரும்பு இல்லை. தொட்டால் பொடியாக உதிர்கிறது. நாலு மாதத்தில் வருகிற துரு அல்ல அது, பல வருஷத் துரு. எங்கள் அதிகாரி என் பக்கத்தில் வந்து நின்று, கையை வாய்க்கு மறைத்துக்கொண்டு, "நவம்பர்ல இது இப்படித்தான் இருந்துச்சுன்னு யாரால சொல்ல முடியும்? நீ வாயைத் திறக்காம இரும்மா, மீதியை நான் பாத்துக்கறேன்" என்றார்.

என்னால் சொல்ல முடியும். என்னிடம் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. படிவத்தில் இடம் போதாததை அதில் குறிப்பேன். யாரும் கேட்டதில்லை, யாருக்கும் தெரியாது. போன வருஷம் மே 20ஆம் தேதிப் பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: 'மேற்கு மேடை, 3ஆவது கால். தட்டினால் கணீர் என்று இல்லை, சொத்தென்று கேட்கிறது. மழை வந்துவிட்டது. அடுத்த சோதனையில் சுரண்டிப் பார்க்க வேண்டும்.' அந்த அடுத்த சோதனைதான் நவம்பர் 14.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதத்தான் நாலு நாளாகத் தள்ளிப்போட்டேன். மேல் கேட்டில் ஊழியர்கள் வந்தால் கையெழுத்துப் போடும் ரெஜிஸ்டர் உண்டு. நவம்பர் 14இல் என் பெயர் இல்லை. அதனால் காவலாளி எழுத வைக்காமல் விட்டுவிட்டார் என்று எங்கள் அதிகாரி அறிக்கை கொடுத்துவிட்டார். அந்தக் காவலாளி யார் தெரியுமா? பூப் பறித்தால் விசில், புல்லில் நடந்தால் விசில் என்று ஊதுவாரே, நாம் விசில்காரர் என்போமே, அவர்தான். ஒப்பந்த ஊழியர். வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நேற்று அவர் என் வீட்டுக்கு வந்தார். மூன்று மாடி ஏறி, செருப்பை வெளியே விட்டுவிட்டு, உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலிலேயே நின்றார்.

"மேடம், நான் யாரையும் எழுதாம உள்ள விடமாட்டேன். ஆனா மனுஷன்தானே, ஒரு நாள் தவறியிருக்கலாம். ராத்திரி பகலா யோசிச்சுப் பாத்துட்டேன், எனக்கு ஞாபகம் வரல. நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு வந்தீங்களா? வந்தேன்னு சொன்னீங்கன்னா என் தப்புதான், ஒத்துக்கிட்டு ஒதுங்கிக்கறேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கும் சரியா ஞாபகம் இல்லைங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார். மூன்று மாடியும் அவர் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நோட்டை இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். இங்கே வைத்திருக்கப் பயமாக இருக்கிறது. எரிக்கலாம் என்று அடுப்பைக்கூடப் பற்ற வைத்தேன், கை வரவில்லை. நீ வைத்திரு. இல்லை, என்ன செய்ய வேண்டுமோ செய்.

டிரைவரைப் பார்க்கப் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். வாசலோடு திரும்பிவிட்டேன்.

அக்கா

*

மார்ச் 19

அக்கா,

பார்சலைப் பிரித்தபோது இவரும் பக்கத்தில் இருந்தார். "என்ன, அண்ணி பழைய நோட்டெல்லாம் அனுப்பியிருக்காங்க?" என்றார். இனி மறைக்க முடியாது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் நோட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு, "அந்த விசில்காரருக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அதுகூடத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

உன் நோட்டை முழுக்கப் படித்தேன். பதினோரு வருஷம். 'ஊஞ்சல் சங்கிலியில் நாலாவது வளையம் தேய்ந்திருக்கிறது, மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள்.' 'கிழக்குப் படி 88 ஆடுகிறது, சிமெண்ட் வைத்தாயிற்று.' ஒவ்வொரு பக்கத்திலும் இப்படி. நீ தட்டிப் பார்க்காத கல் அந்த மலையில் கிடையாது. படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. கவலையே இல்லாதவள் டிக் போட்டிருந்தால் தொலைகிறது என்று விட்டிருப்பேன். நீ தெரிந்தவள் அக்கா. அந்தச் சொத்தென்ற சத்தம் உன் காதில் இருந்தது.

நோட்டைத் திருப்பி ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நான் வைத்திருக்க மாட்டேன், யாரிடமும் கொடுக்கவும் மாட்டேன். அது உன் கையெழுத்து. நீயே கொண்டுபோய்க் கொடு.

எனக்கும் நோட்டீஸ் வந்துவிட்டது. 'நவம்பர் 14 அன்று உங்கள் சகோதரி எத்தனை மணிக்கு மருத்துவமனைக்கு வந்தார்?' இருபத்தாறாம் தேதிக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். இருபத்து நாலாம் தேதி தபாலில் போடுவேன். பத்தேகாலுக்கு வந்தாள் என்று எழுதப் போகிறேன். அதற்குள் நீ என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள். இது மிரட்டல் இல்லை. மிரட்டல் மாதிரி இருந்தால் அப்படியே வைத்துக்கொள்.

இனி எழுதப்போவதை மூன்று தடவை எழுதிக் கசக்கிப் போட்டேன். இது நாலாவது.

அன்று காலை போனில் உன்னிடம் என்ன சொன்னேன்? "டாக்டர் உடனே கூட யாராவது வரணும்னு சொல்றாங்க அக்கா, சிக்கல்னு சொல்றாங்க." அப்படி யாரும் சொல்லவில்லை. வலியே சரியாக வரவில்லை. அது பொய் வலி, எதற்கும் ஒரு நாள் இருக்கட்டும் என்றுதான் சேர்த்தார்கள். இவர் ஊரில் இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் கத்தினாள், நான் பயந்துவிட்டேன். நீ வேலைக்குப் போகிற நாள் என்று தெரியும். சும்மா வா என்றால் "சாயந்திரம் வரேண்டி" என்பாய் என்றும் தெரியும். அதனால் பொய் சொன்னேன்.

என் தொட்டிலில் பழியைப் போடாதே என்று உன்மேல் பாய்ந்தேனே. பழி முதலிலேயே இங்கேதான் இருந்தது அக்கா. அதனால்தான் அப்படிக் கத்தினேன்.

பாப்பா இப்போது குப்புற விழுகிறாள். திரும்ப முடியாமல் அழுகிறாள். நான் போய்த் திருப்பிவிட வேண்டியிருக்கிறது.

நண்டு

*

மார்ச் 27

நண்டு,

நீ பொய் சொன்னது எனக்கு அன்றே தெரியும்.

நான் வந்து அரை மணி நேரத்தில் வார்டு நர்ஸ், "டாக்டர் யாரையும் கூப்பிடச் சொல்லலையே, நல்லாத்தானே இருக்காங்க" என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சின்ன வயசிலும் விஞ்ச் ஏறப் பயந்தால் வயிற்று வலி என்பாய். நீ என் இரண்டு விரலைப் பிடித்தபடி தூங்கிவிட்டாய். அப்போது மணி பன்னிரண்டு. மலைக்குத் திரும்பிப் போக ஆறு மணி நேர வெளிச்சம் இருந்தது. போகவில்லை. போக மனசில்லை. மறு வாரம் போயிருக்கலாம், அதற்கு மறு வாரமும் போயிருக்கலாம். டிக் போட்டாயிற்று, இனி மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமை வரை நூற்றெட்டு நாள். உன் போன் எடுத்துக்கொண்டது அதில் ஒரு நாளைத்தான். மீதி நூற்றேழும் என் கையில் இருந்தவை. இனிமேல் இதைப் பற்றி நீ பேசக்கூடாது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

இருபத்திரண்டாம் தேதி நோட்டு வந்தது. உன் பதில் கிளம்புவதற்கு முன்னால் நான் சொன்னேன் என்று இருக்க வேண்டும் என நினைத்தேன். அது நல்ல எண்ணமா, வெறும் ரோஷமா என்று கேட்காதே. இருபத்து நாலாம் தேதி விசாரணை அதிகாரியிடம் நானாகவே நேரம் கேட்டேன். உள்ளே அவர், தட்டச்சு செய்கிறவர், எங்கள் அதிகாரி. பழைய கேள்வியையே மறுபடி கேட்டார்.

"நவம்பர் பதினாலு, காலைல பத்து மணிக்கு எங்க இருந்தீங்க?"

"டாக்ஸில. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருந்தேன். அன்னிக்கு நான் மலைக்கு மேல ஏறவே இல்ல மேடம்."

தட்டச்சு நின்றது. எங்கள் அதிகாரி இருமினார். "மேடம், இவங்களுக்கு ஒரு வாரமாவே உடம்பு சரியில்ல. இன்னொரு நாள்..."

"நல்லாத்தான் இருக்கேன் சார்" என்றேன். நோட்டை எடுத்து மே 20 பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தேன். விசாரணை அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தட்டச்சு செய்கிறவரைப் பார்த்து, "காவலாளி மேல எந்தத் தவறும் இல்லன்னு முதல் வரியா அடிங்க" என்றார். அப்போதுதான் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தேன். அதுவரை நன்றாகத்தான் இருந்தேன்.

வெளியே வந்ததும் எங்கள் அதிகாரி சொன்னது: "உன்னைக் காப்பாத்தத்தானே பாத்தேன்? என்னையும் சேத்து இழுத்து விட்டுட்டியே." அவர் சொல்வதும் பொய்யில்லை.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாலாவது மாடி. டிரைவர் அசையாமல் படுத்திருந்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சட்டையின் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். தையல்காரர் அவர், வேலையை அங்கேயே கொண்டுவந்துவிட்டார். நான் யார் என்பதைச் சொன்னேன். என்ன செய்தேன், என்ன செய்யவில்லை என்பதையும் சொன்னேன். நின்றபடியேதான் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை.

டிரைவர் கூரையைப் பார்த்தபடி பேசினார். "நான்தான் ரொம்ப சாஞ்சுட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன். வெயிட் போட்டுட்டோம், அதான் தாங்கலன்னு."

அந்த அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "நான்தான் இவரைப் பின்னாடி போகச் சொன்னேன். போட்டோல முழுசா விழணும்னு." அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. "இருபத்திரண்டு நாளா நான் ஒரு வாய் ஒழுங்கா சாப்பிடல. நீங்க அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா என்ன? உங்களுக்கு வாய் இல்லையா? போங்க. எழுந்து நின்னேன்னா என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது, போயிடுங்க."

போய்விட்டேன். அன்றைக்கு வாசலோடு நான் திரும்பிய பிறகு வந்த நாட்கள் அவருக்கு எத்தனை வேளைச் சாப்பாடு என்று படியிறங்கும்போது கணக்குப் போட்டேன்.

என்னை இடைநீக்கம் செய்திருக்கிறார்கள்.

விசில்காரருக்குப் பிள்ளைகள் உண்டு. மூன்று பேர். இப்போது தெரியும்.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

என் பதிலையும் சொன்ன நாளில் தபாலில் போட்டேன். பத்தேகால் என்று எழுதினேன். பொய் சொல்லித்தான் உன்னைக் கூப்பிட்டேன் என்பதையும் எழுதினேன். பேசக்கூடாது என்று நீ எழுதும் முன்பே அது போய்விட்டது. கோபப்பட்டால் பட்டுக்கொள்.

உன் கடிதத்தை இவர் சத்தமாகப் படிக்கக் கேட்டேன். பாதியில், "அந்த அம்மா அடிச்சிருக்கலாம்" என்றேன். "அடிச்சிருந்தா உங்க அக்காவுக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்" என்றார். இவர் எப்போதாவதுதான் பேசுவார், பேசினால் இப்படி.

தனியாகச் சமைக்காமல் கிடக்காதே. இங்கே வா. நான் போனை எடுக்கிறேன். ஆனால் முதல் இரண்டு நிமிஷம் நீ பேசாதே, நானும் பேச மாட்டேன். பாப்பா பேசட்டும். அவளுக்கு நம் சண்டை எதுவும் தெரியாது.

கோர்ட் வரை போகுமா? மறைக்காமல் எழுது. உன்னை உள்ளே போடுவார்களா என்று நினைத்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இருந்தாலும் உன்னைச் சொல்ல வேண்டாம் என்று தடுத்திருக்கலாமோ என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. அதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

நண்டு

*

ஜூலை 14

நண்டு,

தினமும்தான் போனில் பேசுகிறோம். ஆனாலும் நேற்று நடந்ததைப் போனில் சொல்ல வரவில்லை. எழுதினால்தான் எனக்கே விளங்கும் போலிருக்கிறது.

பூங்காவைத் திறந்து மூன்று வாரமாகிறது. நான் போகவில்லை. வேலையிலிருந்து நீக்கிய உத்தரவு வந்தபோதுகூட அழாதவள், திறந்த அன்று விஞ்ச் மணிச் சத்தம் வீட்டு ஜன்னலில் கேட்டதும் அழுதேன். கேஸ் ஆகஸ்டில் வருகிறது. அதற்கு முன்னால் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று இருந்தேன்.

முந்தாநாள் ஒரு போன் வந்தது. டிரைவரின் மனைவி. என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. வணக்கம் எதுவும் இல்லை. "இவர் மலைக்குப் போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. நிக்க முடிஞ்சா நின்னிருப்பாரு. நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்னு சொல்லிட்டேன். அப்புறம் யோசிச்சேன். நாளைக்கு நாலு மணிக்கு விஞ்ச்கிட்ட வாங்க" என்றார். ஏன் என்று கேட்காமல், வருகிறேன் என்றேன்.

மூன்றரைக்கே போய் நின்றேன். டிரைவர் சக்கர நாற்காலியில் வந்தார். இளைத்துவிட்டார். ஊன்றுகோலோடு நாலைந்து அடி வைக்கிறார், அவ்வளவுதான். டாக்டர்கள் இன்னும் பேச்சை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். விஞ்ச் பெட்டியில் மூன்று பேரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் பாதி வழியில், "டிரைவர் இல்லாம போற வண்டில எனக்கு நம்பிக்கையே கிடையாது" என்றார். சிரிக்கலாமா என்று தெரியாமல் நான் என் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேல் கேட்டில் மறுபடியும் விசில்காரர் இருந்தார். அவர்களைக் கும்பிட்டு உள்ளே விட்டார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. நாற்காலி போக வசதியாகச் சின்னக் கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒரு பெண் பாடப் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினாள். இரண்டு பேர் ஒரே சோளக் கதிரை மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் எதுவும் ஞாபகம் இல்லை போலிருந்தது. மேற்கு மேடையில் மட்டும் வித்தியாசம் தெரிந்தது. எல்லாரும் கம்பியை விட்டு ஒரு முழம் தள்ளியே நின்றார்கள். புதுக் கம்பி, புதுக் கால்கள், வெள்ளி நிறம். யாரும் தொடவில்லை.

அந்த அம்மா நாற்காலியை மேடை நடுவில் நிறுத்திப் பிரேக்கைப் போட்டார். என் பக்கம் திரும்பினார்.

"நீங்க போய் முதல்ல சாயுங்க."

அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

போனேன். என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். முதலில் குனிந்து காலின் அடியைப் பார்த்தேன். விரல் முட்டியால் தட்டினேன். சுத்தியல் இல்லை, அது இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. அந்த அம்மா, "தட்டறதெல்லாம் வேண்டாம். சாயுங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவருக்கு விஷயம் புரிந்து, பக்கத்தில் இருந்தவரின் காதில் சொன்னது எனக்குக் கேட்டது.

ஊருக்கு முதுகைக் காட்டி நின்று சாய்ந்தேன். பயமாக இருந்தது நண்டு. பதினோரு வருஷம் அந்த மேடையில் நின்றிருக்கிறேன், ஒரு நாளும் இப்படிப் பயந்ததில்லை. முதலில் பாதி எடையைத்தான் கொடுத்தேன். அந்த அம்மா என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார், குதிகால் தரையை விட்டு எழும்புகிறதா என்று. எனவே குதிகாலைத் தூக்கினேன். என் எடை முழுவதும் அந்தக் கம்பியில் இருந்தது. பின்னால் காற்று. கம்பி ஒரு முனகல்கூட முனகவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. அந்த அம்மாவின் உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கண் மட்டும் கம்பிக்கும் எனக்கும் நடுவே போய்ப் போய் வந்தது.

"போதும்" என்றார்.

அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. நீயும் எடுத்துக்கொள்ளாதே. கம்பி தாங்குகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். பிரேக்கை எடுத்து நாற்காலியை விளிம்பு வரை தள்ளிக்கொண்டு வந்தார். நான் நகர்ந்து இடம் விட்டேன்.

டிரைவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். அவர் தோள் குலுங்கியதால் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். பாலத்துக்கு அந்தப் பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது.

"என் வண்டி. பாரு, சிக்னல் விழறதுக்குள்ள பூந்துடலாம்னு பாக்கறான். புதுசு. வாங்கிக் கட்டிக்கப் போறான்."

பஸ் சிக்னலில் மாட்டி நடுரோட்டில் நின்றது. பின்னால் எல்லா வண்டியும் ஹாரன் அடிப்பது மலை மேலே வரை கேட்டது. அந்த அம்மா பட்டென்று சிரித்துவிட்டார். உடனே நான் நிற்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார். அவர் கணவர் திரும்பி, "சிரிச்சா என்ன?" என்றார்.

சிரிப்பு நின்ற பிறகும் நான் அங்கேயே நின்றேன். போகச் சொல்லவில்லை. சூரியன் இறங்கியது. தள்ளி நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கம்பி பக்கத்தில் வந்தார்கள், முதலில் ஒரு விரல், பிறகு உள்ளங்கை. கடைசி விஞ்சுக்கு மணி அடித்ததும் அந்த அம்மா தன் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, நாற்காலியின் ஒரு பக்கக் கைப்பிடியை எனக்கு விட்டுவிட்டு மறுபக்கம் பிடித்தார். சரிவில் ஒருவரால் தள்ள முடியாது. இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு போனோம்.

அக்கா